வானிலிருந்து வீதிக் காவல்: செலவுக்கு ஏற்ற பயன் உண்டா?

(விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் திரளாகக் கூடியிருந்த வாசிகசாலைக் கூட்டமொன்றில், இளைப்பாறிய வீதிப் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய பேச்சுக்கு நான் தெரிந்தெடுத்த பொருளைக் கேட்டவுடன் உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். வேகமாக மோட்டார் வண்டி ஓட்டுபவனைப் பிடிப்பதற்குப் பொலிசார் ஆகாய விமானத்தில் ஏறுவது தகுமா என்பதே அப்பொருள். "எங்கள் ஒழுங்கைக்குத் தார் போடுவதற்கே வழியைக் காணோம்; இவர் விமானத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது என் செவியில் விழாமலில்லை.

அப்படி நினைப்பது இயல்பே. ஆயினும் இது வேடிக்கைப் பேச்சன்று. அரசாங்கத்தின் கையிலுள்ள பணம் மக்கள் கொடுத்த பணம். அப்பணத்தைக் கொண்டு மக்களின் உயிரைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. எவ்வழியிற் செலவிட்டால் அதிக உயிர் தப்பும் என்று கேட்பது குடிமக்களின் உரிமை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் மாண்டனர். யுத்தம் நடவாத நாட்டிலும் நாள்தோறும் நடக்கும் சங்காரம் இது. ஆகவே இதைத் தடுக்கச் செலவிடப்படும் ஒவ்வொரு காசும் சரியான இடத்திற்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டியது அவசியம்.

இப்பொருள் என் சிந்தையிற் புகுந்த வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எம்மவர் பெருந்தொகையினராகக் குடியேறி வாழும் கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில், என் மகளின் வீட்டில் ஒரு கோடை காலத்தைக் கழித்தேன். என் பெறாமகன் ஒருநாள் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு 401ஆம் இலக்கப் பெருந்தெருவிற் கிழக்கு நோக்கிச் சென்றான். தெருவின் ஓரத்திலே குறுக்காகத் தீட்டப்பட்ட வெள்ளைக் கோடொன்றைக் கண்டேன். சற்றுத் தூரத்தில் இன்னொரு கோடு. வீதி வேலையிற் பல்லாண்டு பழகிய கண்ணல்லவா? அவை வண்டிகளை ஒழுங்குபடுத்தும் கோடுகளல்ல என்று உடனே விளங்கிற்று. "தம்பி, இது என்ன கோடு?" என்று கேட்டேன்.

"அது விமானத்துக்குக் கீறின கோடு, பெரியப்பா" என்றான். சொன்னவன் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். முன்பக்கத்துக் கண்ணாடி வழியே குனிந்து வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் அடக்கமாக ஓட்டினான். பின்பு கால் தானாகவே பழைய இடத்துக்குப் போயிற்று. வண்டியும் பழைய வேகத்துக்குப் போயிற்று. அந்த ஐந்து நிமிடத்தில் நான் கற்றதே இன்றைய பேச்சின் பாதி.

மற்றப் பாதி அன்று மாலை திரும்பி வரும்போது கிடைத்தது. பெருந்தெருவை விட்டு விலகி ஒரு கிராம வீதியிற் போய்க்கொண்டிருந்தோம். ஓரிடத்தில், எந்த அறிவித்தற் பலகையும் இல்லாமலே, அவன் வேகத்தைக் குறைத்தான். அங்கே ஒரு மின்கம்பத்திற் காய்ந்துபோன மலர்க்கொத்து கட்டப்பட்டிருந்தது. அவனோடு ஒரே வகுப்பிற் படித்த பையன் பின்னிரவு நேரத்தில் தனியாக வண்டி ஓட்டிவந்து அந்தக் கம்பத்தில் மோதி இறந்தானாம். பெருந்தெருவிற் கண்ட கோடுகள் என் நினைவுக்கு வந்தன. கோடுகளுக்கு மேலே பறக்கும் விமானம் பின்னிரவிற் பறப்பதில்லை. அந்தக் கிராம வீதியில் அத்தகைய கோடும் இல்லை.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

இந்த முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமல் இதன் நன்மை தீமைகளை ஆராய்வது முறையன்று. ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களிலும், கனடாவிலும், அவுஸ்திரேலியாவிலும் இம்முறை கையாளப்பட்டு வந்துள்ளது. பெரும்பாலும் செஸ்னா போன்ற சிறு விமானங்களையே பயன்படுத்துவர். இவற்றின் இறக்கை உடலின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், உள்ளிருப்பவர் கீழே நோக்குவதற்குத் தடையில்லை. ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரத்துடன் வீதியை நோக்கியிருப்பார்.

வீதியில் அளவெடுத்த இடைவெளியிற் கோடுகள் தீட்டப்பட்டிருக்கும். ஒரு கார் முதற்கோட்டைக் கடந்தவுடன் கடிகாரத்தை அமுக்குவார். அடுத்த கோட்டைக் கடந்தவுடன் நிறுத்துவார். தூரத்தை நேரத்தாற் பிரித்தால் வேகம் வந்துவிடும். எங்கள் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. இரு கோடுகளுக்கிடையே 500 மீற்றர் தூரம் என்று கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் போகிறவன் அதை 18 வினாடியிற் கடப்பான். 120 கிலோமீற்றர் வேகக்காரனுக்கு 15 வினாடி போதும். 150 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பவனுக்கு 12 வினாடிதான். கணக்கு முடிந்தவுடன் மேலிருப்பவர், "இந்த நிறக் கார், இத்தனையாம் நிரையில் வருகிறது" என்று வானொலி மூலம் கீழேயுள்ள பொலிசாருக்குச் சொல்வார். கீழே நிற்பவர் மறித்துத் தண்டச் சீட்டை நீட்டுவார்.

கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கும் ஒரு சட்டத்தடை உண்டு. வீதியின் ஒரு பகுதியை அளந்து, எல்லை குறித்து, அதைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணிப்பதை அம்மாநிலச் சட்டம் "வேகப் பொறி" என்று கூறி விலக்கியிருக்கிறது. ஆகையால் அங்குள்ள பெருந்தெருக் காவற்படையின் விமானம், சந்தேகத்துக்குரிய வண்டியோடு இணையாகப் பறந்து, தன் வேகத்தைக் கொண்டு அவ்வண்டியின் வேகத்தை மதிப்பிடுகிறது. பொலிசார் மக்களை மறைந்திருந்து பிடித்தல் எந்த அளவுக்கு நியாயம் என்ற கேள்வியை ஒரு மாநிலத்துச் சட்டமன்றம் எவ்வளவு கண்டிப்புடன் நோக்கியது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

விமானத்தின் பக்கத்து நியாயங்கள்

எதிர்க்கட்சியின் நியாயத்தை மறைத்துவிட்டு வழக்குப் பேசுவது நேர்மையன்று. விமானக் காவலை ஆதரிப்போர் சொல்லும் நியாயங்கள் நான்கு உண்டு. அவற்றுள் எதுவும் இலேசாகத் தள்ளிவிடக் கூடியதன்று.

முதலாவது: 1974ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, அமெரிக்கா முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக எல்லை சட்டமாக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், பொலிசாரின் ரேடார் அலைகளை முன்கூட்டியே உணர்த்தும் கருவிகளைச் சாரதிகள் வாங்கி வண்டிகளிற் பொருத்தினர். லொறிச் சாரதிகளோ தம்முள் வானொலி மூலம் செய்தி பரிமாறிக்கொண்டனர். பொலிசாருக்கு அவர்கள் வைத்த பரிபாஷைப் பெயர் "கரடி". பொலிஸ் விமானத்துக்கு "வானத்துக் கரடி" என்று பெயர். ரேடார் உணர்த்தும் கருவியால் நிறுத்துக் கடிகாரத்தை உணர முடியாது. விமானம் எந்த அலையையும் வண்டியின் மேற் செலுத்துவதில்லை. ஆகவே கருவியை நம்பி ஓடுகிறவனும் அகப்படுவான்.

இரண்டாவது: ரேடார் வேகத்தை மாத்திரம் காட்டும். மேலிருந்து பார்ப்பவர் முன்வண்டியை ஒட்டி நெருக்குபவனையும், நிரைவிட்டு நிரை பாம்புபோல் வளைந்து ஓடுபவனையும் சேர்த்தே காண்கிறார். தெருவில் நடக்கும் பந்தய ஓட்டத்தை அடக்குவதற்காகவே ஒன்ராறியோ மாகாணம் 2007ஆம் ஆண்டிற் கடுமையான சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லைக்கு மேல் 50 கிலோமீற்றர் மிஞ்சி ஓடுகிறவனுடைய வண்டியை அவ்விடத்திலேயே கைப்பற்றவும், சாரதிப் பத்திரத்தை அப்போதே ஏழு நாளுக்கு நிறுத்தவும் அது அதிகாரம் அளித்தது. மாகாணப் பொலிசாரின் விமானக் காவல் மீண்டும் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான்.

மூன்றாவது: தப்பியோடும் வண்டியைத் துரத்துவது மிகுந்த அபாயம். துரத்தப்படுபவனும் துரத்துபவனும் வழியிற் செல்லும் அப்பாவியை மோதிக் கொல்லக்கூடும். வானத்தில் ஒரு கண் இருந்தால் தரையில் துரத்தத் தேவையில்லை. அவன் எங்கே போய் நிற்கிறான் என்று பார்த்திருந்து, நின்ற இடத்திற் பிடிக்கலாம்.

நான்காவது நியாயத்தை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். தெருவிலே நிற்கும் பொலிஸ்காரர் சாரதியின் முகத்தைப் பார்க்கிறார்; தோலின் நிறத்தைப் பார்க்கிறார்; அதன் பின்பே கையை நீட்டுகிறார். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் கறுப்பினச் சாரதிகளை நிறங்கண்டு மறிக்கிறார்கள் என்ற முறைப்பாடு முற்றி, 1999ஆம் ஆண்டில் அம்மாநிலப் பொலிஸ் படை மத்திய நீதித் திணைக்களத்தின் கண்காணிப்புக்கு இணங்க வேண்டியதாயிற்று. வானத்தில் இருப்பவருக்கு வண்டிதான் தெரியும்; உள்ளிருப்பவனின் இனமோ மொழியோ தெரியாது. அந்த நிறுத்துக் கடிகாரத்துக்கு எல்லாரும் ஒன்றே. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கொள்கையை மதிக்கும் எவரும் இந்நன்மையை அலட்சியம் செய்ய முடியாது.

கணக்கு என்ன சொல்கிறது?

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்பும், வேகத்தை அடக்கும் நாளாந்த வேலைக்கு விமானம் உகந்ததன்று என்பதே என் தீர்ந்த அபிப்பிராயம். காரணங்களைச் சொல்கிறேன்.

ஒரு விமானத்தில் இருவர். கீழே மறிப்பதற்கு நான்கு பொலிஸ் கார்களாவது வேண்டும் என்று கொள்வோம். ஆக, ஆறு பேரின் உழைப்பு ஒரே வீதியின் ஒரே துண்டில் முடங்கிக் கிடக்கிறது. செஸ்னா 182 போன்ற விமானம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 50 லீற்றர் எரிபொருளைக் குடிக்கும். அதற்கு மேல் விமானத்தின் விலை, பராமரிப்பு, ஓட்டியின் பயிற்சி. முகில் தாழ்ந்தால் வேலையில்லை. மழை வந்தால் வேலையில்லை. பனி மூடினால் கோடே தெரியாது. இருட்டினால் வண்டியின் நிறமும் தெரியாது. மனிதன் களைத்தும் மயங்கியும் குடித்தும் ஓட்டி உயிரை மாய்த்துக்கொள்ளும் இரவு வேளையில், இவ்வளவு பணம் விழுங்கிய யந்திரம் கொட்டகைக்குள் உறங்குகிறது.

சாட்சியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே சட்டத்தரணிகள் சிலர் இருக்கிறீர்கள், உடனே விளங்கிக்கொள்வீர்கள். வேகத்தைக் கண்டவர் சாரதியைக் காணவில்லை. சாரதியைக் கண்டவர் வேகத்தைக் காணவில்லை. எதிரி வழக்காடினால் மேலிருந்தவரும் கீழிருந்தவரும் நீதிமன்றத்தில் ஏற வேண்டும். மேலே சுட்டப்பட்ட வண்டியும் கீழே மறிக்கப்பட்ட வண்டியும் ஒன்றே என்று நிரூபிக்க வேண்டும். கைவிரல் அரை வினாடி முந்தினாலும் பிந்தினாலும் கணக்கு மாறும். 500 மீற்றரை 15 வினாடியிற் கடந்தவனுக்கு 14½ வினாடி என்று குறித்துவிட்டால், 120 கிலோமீற்றர் 124 ஆகிவிடும். பெருவேகக்காரனுக்கு இது பொருட்டன்று. எல்லைக்கு அண்மையில் ஓடியவனுக்கு இதுவே வழக்கு.

இவை சிறு காரணங்கள். பெருங் காரணம் வேறு. "இன்று விமானம் பறந்தது, இத்தனை பேரைப் பிடித்தோம்" என்று பொலிசார் அறிக்கை விடும்போது, அந்த எண்ணிக்கையை வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்கிறோம். அது தவறான அளவுகோல். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர் கொல்லும் விபத்தின் அபாயம் நூற்றுக்கு நான்கு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கும் விதி. இதன் பொருளை நன்றாக நோக்குங்கள். அகப்பட்ட நாற்பது பேரின் வேகத்தைக் குறைத்தால் மாத்திரம் போதாது. அகப்படாத நாற்பதாயிரம் பேரின் வேகம் சிறிது குறைந்தாற்றான் பிணங்கள் குறையும். பிடிபட்டவரின் தொகை கூடிக்கொண்டே போகிறதென்றால், பயம் யாருக்கும் ஏற்படவில்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாமல்லவா?

வேகத்தின் கணக்கைச் சிலர் அலட்சியமாக எண்ணுகிறார்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் ஆபத்தைக் கண்டு, காலைத் தூக்கி மிதித்து, வண்டி நிற்பதற்குள், நல்ல வீதியிலும் ஏறக்குறைய 100 மீற்றர் ஓடிவிடுவான். 150 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் நிற்பதற்கு ஏறக்குறைய 185 மீற்றர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு. மோதும் விசையோ இரண்டேகால் மடங்கு. இதனாற் கிடைக்கும் இலாபம் என்ன? 50 கிலோமீற்றர் தூரத்துக்கு 100இல் ஓடினால் அரை மணி. 120இல் ஓடினால் இருபத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக மனிதன் தன் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறான்.

வெருளியும் வேலியும்

விவசாயிகளே! நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதன்று. வயலிலே வெருளி கட்டுகிறோம். முதல் நாள் கிளியும் குருவியும் கிட்ட வராது. மூன்றாம் நாள் தூரத்திலிருந்து பார்க்கும். பத்தாம் நாள் வெருளியின் தலையிலேயே வந்து குந்தும். பறவைக்கு விளங்குவது மனிதனுக்கு விளங்காதா? "இவ்வீதியில் வேக எல்லை விமானத்தாற் கண்காணிக்கப்படுகிறது" என்ற பலகைகள் அமெரிக்கப் பெருந்தெருக்களில் நிற்கின்றன. பலகை ஆண்டு முழுவதும் நிற்கிறது. விமானமோ எப்போதாவது ஒருநாள் வருகிறது. நாள்தோறும் அவ்வழியே போய்வரும் சாரதி இதை விரைவிற் கண்டுகொள்கிறான். அன்று என் பெறாமகன் வானத்தைப் பார்த்தது வெருளியைக் கண்ட முதல் நாட் குருவியின் பார்வை. ஐந்து நிமிடத்தின் பின் அவன் மீண்டும் மிதித்தது பத்தாம் நாட் குருவியின் துணிவு.

இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அது தப்பாமல் வரும் என்ற நிச்சயமே என்று நிலைநாட்டினார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வுண்மை மங்கவில்லை. எப்போதாவது ஒருமுறை இடியாக விழும் பெருந்தண்டனைக்கு மனிதன் அஞ்சுவதில்லை. அது பக்கத்து வீட்டுக்காரன் தலையில் விழும் என்று நினைக்கிறான். தப்பாமல் வரும் சிறு தண்டனைக்கே அஞ்சுகிறான்.

தோட்டத்துக்குள் கட்டாக்காலி மாடு புகுகிறது. ஒருவன் மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பேரைத் திரட்டி, ஓடி விரட்டி, இரண்டு மாட்டைப் பிடித்துக் கட்டி, ஊரெல்லாம் பறைசாற்றுகிறான். மற்றவன் சத்தமில்லாமல் வேலியை அடைக்கிறான். எவனுடைய பயிர் தப்பும்? வேலி இரவிலும் நிற்கும், மழையிலும் நிற்கும். அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

தரையிலே அதே கணக்கு

வீதிக்கு வேலி என்று நான் எதைச் சொல்கிறேன்? இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, சராசரி வேகத்தைக் கணிக்கும் கமரா. வீதியின் ஓரிடத்தில் ஒரு கமரா வண்டியின் இலக்கத் தகட்டைப் பதிகிறது. பல மைல் தள்ளி இன்னொரு கமரா அதே தகட்டைப் பதிகிறது. இடைத்தூரத்தை நேரத்தாற் பிரித்து வேகத்தைக் காண்கிறது. விமானத்திலிருந்தவர் செய்த அதே கணக்குத்தான்! ஆனால் விரல் தடுமாற்றமில்லை, இருளில்லை, களைப்பில்லை. விமானம் சிலரைத் தெரிந்தெடுக்கிறது. கமராவோ கடந்து செல்லும் எல்லாரையும் அளக்கிறது. சாரதியின் நிறத்தைப் பார்த்துக் கைநீட்டாத நேர்மையும் இதற்கு உண்டு. கமராவைக் கண்ட இடத்தில் மாத்திரம் மெதுவாக ஓடிப் பின்பு பறப்பதும் இதனிடம் பலியாது. ஏனெனில் இடையிலுள்ள தூரம் முழுவதுமே கணக்கிற் சேர்ந்துவிடுகிறது.

ஸ்கொத்லாந்து தேசத்தில் டன்பிளேன் நகரிலிருந்து இன்வர்னெஸ் நகர் வரைக்கும் மலைநாட்டினூடே செல்லும் வீதி ஒன்று உண்டு. அதன் பெயரும் நம்முடைய கண்டி வீதியைப் போல ஏ9 என்பதே. உயிர்ப்பலிக்குப் பேர்போன அவ்வீதியில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இத்தகைய கமராக்கள் இயங்கத் தொடங்கின. தொடக்கத்திற் பலத்த எதிர்ப்பு இருந்தது. வியாபாரம் கெடும் என்றனர். பயணம் தாமதிக்கும் என்றனர். அதே வேளையில், ஒற்றைப்பாதைப் பகுதிகளிற் பாரமான லொறிகளுக்கு இருந்த மணிக்கு 40 மைல் எல்லையை 50 மைலாக உயர்த்தினர். மெதுவாக ஊரும் லொறியின் பின்னாற் சினங்கொண்டு முந்த முயல்வோர் குறைய வேண்டும் என்பதே நோக்கம். சாரதிகளைத் தண்டிப்பது மாத்திரமன்றி அவர்களின் நியாயமான குறையையும் தீர்த்தார்கள். எல்லை மிஞ்சி ஓடுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது என்றும், மரணமும் கடுங்காயமும் தணிந்தன என்றும் அடுத்துவந்த ஆண்டுகளில் அந்நாட்டுப் போக்குவரத்து அதிகாரிகள் அறிக்கை வெளியிட்டனர்.

மற்றது, வீதியின் அமைப்பு. நான் வீதி வேலைக்காரன்; ஆகவே இதைச் சற்று அழுத்திச் சொல்வேன். அகலமாகவும் நேராகவும் வழுவழுப்பாகவும் வீதியை அமைத்துவிட்டு, "மெதுவாகப் போ" என்று பலகை நாட்டுவது, குழந்தையின் முன் சீனிப் போத்தலைத் திறந்து வைத்துவிட்டுத் தொடாதே என்பதற்கு ஒப்பாகும். சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. மனிதன் தவறு செய்வான். அத்தவறு அவன் உயிரைக் குடிக்காதபடி வீதியை அமைப்பது வீதி அமைப்போரின் பொறுப்பு என்பதே அதன் சாரம். எதிரெதிர் வரும் வண்டிகளுக்கிடையே கம்பித் தடுப்பு இட்டார்கள். சந்திகளை வட்டச் சந்திகளாக மாற்றினார்கள். ஊருக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அந்தக் கிராம வீதியிலே, வளைவின் ஓரத்தில் அந்தக் கம்பம் நில்லாமல் இருந்திருந்தால், அல்லது அதன் முன்னே ஒரு தடுப்பு இருந்திருந்தால், அந்தப் பையன் கைகாலை முறித்துக்கொண்டாவது வீடு திரும்பியிருக்கக்கூடும் அல்லவா?

கமராவுக்கும் குறை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. குடித்துவிட்டு ஓடுகிறவனை அது அவ்விடத்தில் நிறுத்தாது. தண்டச் சீட்டுத் தபாலில் வருமுன் அவன் ஒருவனைக் கொன்றுவிடலாம். ஆகவே தெருவிற் பொலிஸ்காரரும் வேண்டும். பணம் பறிக்கும் யந்திரமாகக் கமராவை நாட்டும் நகரசபைகளும் உலகில் இல்லாமலில்லை. விபத்து நடக்கும் இடத்தை விட்டுப் பணம் கொழிக்கும் இடத்தில் நாட்டினால் மக்கள் அதை வெறுப்பார்கள், வெறுப்பது நியாயமே. இன்னுமொன்று. போவோர் வருவோர் எல்லாரின் இலக்கத்தையும் பதியும் கருவி, நாளை எவன் எந்தக் கூட்டத்துக்குப் போனான் என்று பார்க்கவும் உதவும். வேகத்துக்கென்று வாங்கிய விமானமோ, ஆளில்லாமற் பறக்கும் ட்ரோனோ, நாளை வீட்டு முற்றத்தையும் எட்டிப் பார்க்கும். குற்றம் செய்யாதவனின் பதிவை உடனே அழித்தல் வேண்டும் என்பதைச் சட்டமாக எழுதிவைத்த பின்பே இத்தகைய கண்களைத் திறக்க மக்கள் சம்மதிக்க வேண்டும்.

முடிவு என்ன?

அப்படியாயின் பொலிசாருக்கு விமானமே வேண்டாமா? அவ்விதம் நான் சொல்லவில்லை. காட்டில் வழி தவறிய குழந்தையைத் தேடவும், வெள்ளத்தில் அகப்பட்டோரைக் காணவும், தப்பியோடும் கொலைகாரனைத் தொடரவும் விமானம் வேண்டும். அவ்வேலைகளுக்காக வாங்கிய விமானம் திரும்பி வரும் வழியில், ஆளரவமற்ற நீண்ட பெருந்தெருவிற் பந்தயம் ஓடும் வெறியனைக் கண்டு சொல்லுமானால், அது கொசுறாகக் கிடைத்த நன்மை, வரவேற்போம். ஆனால் எல்லை மிஞ்சி ஓடும் சாதாரண மனிதனைப் பிடிப்பதற்கென்றே விமானத்தை ஏற்றுவது, எலியைப் பிடிக்க யானையைக் கட்டித் தீனி போடுவதாகும். அது காட்சிக்கு நன்று. பத்திரிகையிற் படம் போடவும் நன்று. வீதியில் உயிர் காக்க வேலி அடைப்பவனே வேண்டும்.

ஒன்ராறியோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் உரிய இந்த வழக்கை இங்கே கொண்டுவந்து ஏன் பேசினேன்? நம் பிள்ளைகள் அவ்வீதிகளில் ஓடுகிறார்கள் என்பது ஒரு காரணம். எந்த நாட்டு அரசாங்கமாயினும் பெரிய யந்திரமொன்றைக் காட்டி "உங்களைக் காக்கவே இதை வாங்கினோம்" என்று சொல்லும்போது, குடிமக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு என்பது மற்றக் காரணம். மக்கள் எங்கே, எந்த நேரத்தில் மாள்கிறார்களோ, அந்த இடத்தில், அந்த நேரத்தில் இது வேலை செய்யுமா? இது கண்ணிற் படாத நாளிலும் இதன் பயன் நிலைக்குமா? இதே பணத்தை வேறொன்றிற் செலவிட்டால் இன்னும் அதிகமானோர் உயிர் தப்புவார்களா? இம்மூன்று கேள்விக்கும் விடை தராத யந்திரம் எவ்வளவு உயரத்திற் பறந்தாலும் நமக்கு வேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் கடந்து போய் வண்டி ஓட்டும் உங்கள் அண்ணன்மாருக்கும் இதை எழுதி அனுப்புங்கள். வானத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்காதீர்கள். என் பெறாமகன் அந்தக் கிராம வீதியிலே, எந்தப் பலகையும் எந்தக் கமராவும் இல்லாத இடத்தில், காய்ந்த மலரைக் கண்டு தானாகவே வேகத்தைக் குறைத்தானே, அந்த அறிவு நண்பன் ஒருவனின் சாவுக்குப் பின்புதான் வரவேண்டும் என்பதில்லை. அவன் இப்போது அவ்வழியே போகும்போதெல்லாம் மெதுவாகத்தான் போகிறானாம். அண்மையில் தொலைபேசியிற் பேசியபோது, "பெரியப்பா, மற்ற வழிகளிலும் இப்போது அப்படித்தான்" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டு நான் அடைந்த நிம்மதியை வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளை உள்ள எல்லாரும் அறிவீர்கள்.